நான்கு ஆண்டுகளாக ஓர் ஆங்கிலத் திருத்தச் செயலி: ‘ஒன்லி’ என்ற சொல்லால் வந்த கோபம்

என் ஆங்கிலத் திருத்தச் செயலியின் சந்தாவைப் பாதி விலைக்குத் தருவதாகச் சென்ற வாரம் செய்தி வந்தது. அன்று மாலையே நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். “மகள் அடுத்த மாதம் வேலைக்குச் சேருகிறாள். நீங்கள் வைத்திருக்கும் அந்த ஆங்கிலத் திருத்தச் செயலியை அவளுக்கும் வாங்கித் தரலாமா?” என்று கேட்டார். பேசப் பேச எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவருக்கு ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். செயலியின் பெயர் வேண்டாம். எழுத எழுதச் சிவப்புக் கோடு போடும், சொடுக்கினால் திருத்தும், பிழை தீர்ந்ததும் பச்சைக் குறி காட்டும். இந்த வகையில் எதை எடுத்தாலும் வேலை ஒன்றுதான்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர், அதாவது ஆர்டர் கொடுப்பவர்களுக்கும் தொழிற்சாலைக்கும் நடுவே நின்று வேலையை நடத்துபவன். பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவன். ஐரோப்பிய பையர்களுக்கு, அதாவது எங்களிடம் சரக்கு வாங்குபவர்களுக்கு, நாள் ஒன்றுக்கு முப்பது மின்னஞ்சலாவது எழுத வேண்டிய வேலை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் ‘எ’ (a), ‘த’ (the) என்ற இரண்டு சிறு சொற்களை எனக்குக் கற்றுக்கொடுத்தது இந்தச் செயலிதான். “சாம்பிள் அனுப்பிவிட்டேன்” என்று தமிழில் சொன்னால் எந்த சாம்பிள் என்பது கேட்பவருக்குத் தெரியும். ஆங்கிலத்தில் ‘எ சாம்பிள்’ என்றால் ஏதோ ஒன்று. ‘த சாம்பிள்’ என்றால் நீங்கள் கேட்டீர்களே, அது. இந்த வேறுபாடு வகுப்பறையில் மனப்பாடமாக இருந்தது. ஆயிரம் முறை சிவப்புக் கோடு விழுந்த பிறகுதான் கைக்கு வந்தது. பல ஆண்டுகளாக ‘ஆன் யூனிட்’ (an unit) என்றே எழுதியிருக்கிறேன், முதல் எழுத்து உயிரெழுத்து என்று நினைத்து. எழுத்தைப் பார்க்காதே, ஒலியைக் கேள் என்பது பிடிபட்டதும் மகிழ்ச்சியாக இருந்தது. யூனிட் ‘ய’ ஒலியில் தொடங்குவதால் அதற்கு ‘எ’. மணியைக் குறிக்கும் ‘அவர்’ (hour) என்ற சொல்லில் முதல் எழுத்தான ‘எச்’ ஒலிக்காததால் அதற்கு ‘ஆன்’. ‘ஒரு வீடு, ஓர் இலை’ என்று எழுதிப் பழகிய நமக்கு இது அந்நியமான விதியே அல்ல. எந்த ஆசிரியரும் எனக்கு இப்படி எடுத்துக்காட்டவில்லை.

இனி, கோபத்துக்குக் காரணமான கதை.

ஓர் ஆர்டரில் இரண்டு நிறங்கள்: நேவி, கிரே. இரண்டையும் புதன்கிழமை அனுப்ப முடியுமா என்று பையர் கேட்டிருந்தார். கிரே துணி அப்போது சாயப்பட்டறையில்தான் இருந்தது. நேவி மட்டும் தயாராகிக்கொண்டிருந்தது; அதுவும் வெள்ளிக்கிழமைதான் முடியும். நான் எழுதிய வரி இது: “வீ கேன் ஒன்லி ஷிப் நேவி ஆன் ஃப்ரைடே.” வெள்ளிக்கிழமை நேவி மட்டும் அனுப்ப முடியும், கிரே முடியாது என்பது என் பொருள். அவர் படித்ததோ வேறு: நேவியை வெள்ளிக்கிழமைதான் அனுப்ப முடியும். அப்படியானால் கிரே புதன்கிழமை வந்துவிடும்! அவருடைய சரக்கு முகவர் புதன் காலை லாரியை அனுப்பினார். லாரி எங்கள் வாசலில் இரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வெறுமனே திரும்பியது. வாடகை எங்கள் தலையில் விழுந்தது. முதலாளி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, அந்த மின்னஞ்சலை அச்செடுத்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

அந்த மின்னஞ்சலைச் செயலி மூன்று இடங்களில் திருத்தியிருந்தது. ஒரு காற்புள்ளி, ஒரு ‘கைண்ட்லி’, ஒரு ‘த’. மூன்றையும் ஏற்றுக்கொண்டேன். பச்சைக் குறி விழுந்தது. என்னை ஏமாற்றியது அந்தப் பச்சைக் குறிதான். ‘ஒன்லி’ இருந்த இடம் ஆங்கில இலக்கணப்படி தவறே இல்லை. இரண்டு பொருளும் அந்த வரியில் அடங்கும். அதனால் செயலிக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. தமிழில் இந்தச் சிக்கலே வராது. ‘மட்டும்’ எந்தச் சொல்லுக்கு உரியதோ அதன் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். ‘நேவி மட்டும்’ என்றால் ஒரு பொருள், ‘வெள்ளிக்கிழமை மட்டும்’ என்றால் வேறு பொருள். ஆங்கிலத்தில் ‘ஒன்லி’ வினைக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொள்கிறது. பேசும்போது குரலின் அழுத்தம் பொருளைக் காட்டிவிடும். எழுத்தில் குரல் ஏது?

ஆனால் ‘லெஸ் பீசஸ்’ என்று எழுதிவிட்டால் போதும், செயலி விடாது. எண்ணக்கூடிய பொருளுக்கு ‘ஃபியூவர்’ என்றுதான் எழுத வேண்டுமாம். இந்த விதி எங்கிருந்து வந்தது என்று ஒரு நாள் தேடிப் பார்த்தேன். 1770-இல் ராபர்ட் பேக்கர் என்பவர் ‘ஃபியூவர்’ தமக்கு அழகாகவும் சரியாகவும் படுகிறது என்று எழுதினார். அவருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பிருந்தே ஆங்கிலேயர்கள் எண்ணும் பொருளுக்கும் ‘லெஸ்’ சொல்லி வந்தவர்கள்தான். ஒருவரின் விருப்பம் பிறகு விதியாக இறுகியிருக்கிறது. தண்ணீர் குறைவு, ஆள் குறைவு என்று நாம் ஒரே சொல்லில்தான் வாழ்கிறோம்; யாருக்கும் பொருள் மாறிப் போகவில்லை. ‘லெஸ் பீசஸ்’ என்று எழுதியதால் எந்த லாரியும் வெறுமனே திரும்பாது. எங்கள் பையர்களே ‘இன்ஃபர்மேஷன்ஸ்’ என்று பன்மையில் எழுதுகிறார்கள், அவர்கள் மொழியில் அப்படிப் பன்மை உண்டு என்பதால். அதைப் படித்து நாங்கள் ஒரு நாளும் குழம்பியதில்லை. ‘கஸின் பிரதர்’ என்று எழுதினால் ‘பிரதரை’ வெட்டிவிடுகிறது இந்தச் செயலி. விமான நிலையத்துக்கு வரப்போவது சித்தப்பா மகனா, மகளா என்று பையருக்குத் தெரிய வேண்டாமா?

இலக்கணமே வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஒரு பால் நிறுவனத்தின் ஓட்டுநர்கள் மிகைநேர ஊதியம் கேட்டு வழக்குப் போட்டார்கள். எந்தெந்த வேலைகளுக்கு மிகைநேர ஊதியம் கிடையாது என்று மாநிலச் சட்டத்தில் ஒரு பட்டியல் இருந்தது. அதன் கடைசியில் “பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிபியூஷன்” என்று இருந்தது. ‘ஆர்’ என்பதற்கு முன் காற்புள்ளி இல்லை. விநியோகம் தனி வேலையா, அல்லது விநியோகத்துக்காக மூட்டை கட்டுவதைத்தான் சட்டம் சொல்கிறதா? ஓட்டுநர்கள் விநியோகம் செய்கிறவர்கள், மூட்டை கட்டுகிறவர்கள் அல்லர். விநியோகம் தனி வேலை என்றால் அவர்களுக்கு மிகைநேர ஊதியம் கிடையாது; மூட்டை கட்டுவதுதான் என்றால் உண்டு. 2017-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சட்டத்தின் வரி தெளிவாக இல்லை என்று கூறி ஓட்டுநர்கள் பக்கம் நின்றது. மறு ஆண்டு 50 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. இதைப் படித்த பிறகு, பட்டியலின் கடைசிக் காற்புள்ளிக்காகச் செயலி நச்சரிக்கும்போது நான் மறுப்பதில்லை. அந்த ஒரு விஷயத்தில் அது சொல்வதுதான் சரி என்று ஒப்புக்கொள்கிறேன்.

என் குறை இதுதான்: பொருளை மாற்றும் பிழையையும் மாற்றாத பிழையையும் இந்தச் செயலிக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. இரண்டுக்கும் ஒரே சிவப்பு. எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், ‘த’ போடுவதா வேண்டாமா என்று பத்து நிமிடம் தவித்துவிட்டு, சரக்கு புறப்படும் தேதியை எழுத மறந்து அனுப்பினாள். தேதி இல்லை என்று அதற்கு ஒரு கோடு கிடையாது. அவள் முகத்தில் இருந்த அச்சம் பத்தாண்டுக்கு முன் என் முகத்தில் இருந்தது. ஆங்கிலம் தவறினால் அறிவே இல்லை என்று நினைத்துவிடுவார்கள் என்ற அச்சம். அதைக் குறைக்கத்தான் பணம் கட்டி இதை வாங்கினேன். கோடுகள் கூடக் கூட அதுவும் கூடியது.

நண்பருக்கு என் பதில்: வாங்கிக் கொடுங்கள், ஆறு மாதத்துக்கு மட்டும். ‘எ’, ‘த’ இரண்டும் கைக்கு வரட்டும். அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு வரியையும், எதிர்முனையில் இருப்பவர் இதை எப்படியெல்லாம் புரிந்துகொள்ளக்கூடும் என்று யோசித்துப் படிக்கப் பழக்குங்கள். பச்சைக் குறியை நம்ப வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

நான் புதுப்பிக்கவில்லை. பாதி விலை என்றாலும் வேண்டாம். எனக்கு இத்தனை கற்றுக்கொடுத்த ஒன்றை இப்படித் தள்ளுவது நியாயமா என்று மனைவி கேட்டாள். இப்போதைக்கு அந்த லாரிதான் கண்ணில் நிற்கிறது. நேற்று டென்மார்க் பையருக்கு எழுதிய மின்னஞ்சலில் ‘ஒன்லி’ இரண்டு இடங்களில் வந்தது. இரண்டையும் தமிழில் சொல்லிப் பார்த்து, ‘மட்டும்’ எங்கே விழுகிறதோ அந்தச் சொல்லின் பக்கத்திலேயே கொண்டுபோய் வைத்து அனுப்பினேன்.