பெரிய எண்ணை உடைக்க: ஈ.சி.எம்-மா, சல்லடையா?

நூறு இலக்க எண் ஒன்றைப் பகாக் காரணிகளாக உடைக்க வேண்டும். கையில் இருப்பது கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ வீட்டு மேசையில் கிடக்கும் சாதாரண லேப்டாப். இலவச மென்பொருளுக்குப் பஞ்சமில்லை: பாரி, ஜி.எம்.பி-ஈ.சி.எம், யாஃபு, காடோ என்று வரிசையாக இருக்கின்றன. கணிதம் படிக்கும் பிள்ளைகள் உடனே கேட்பது, "இதில் எது வேகம்?" என்றுதான். அந்த எண் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் கேளுங்கள். விடை அதில்தான் இருக்கிறது.

முறைகள் இரண்டு கட்சி. சிறிய பகா எண்களால் வகுத்துப் பார்ப்பது, போலார்ட் என்ற கணித அறிஞரின் ரோ, அவருடைய பி−1 (பி என்பது நாம் தேடும் காரணி), எலிப்டிக் கர்வ் எனும் ஈ.சி.எம் ஆகியவை ஒரு கட்சி. ஒளிந்திருக்கும் காரணி எவ்வளவு பெரியது என்பதுதான் இவற்றின் நேரத்தைத் தீர்மானிக்கும். இருபடிச் சல்லடையும் எண் புலச் சல்லடையும் மறு கட்சி. உள்ளே இருப்பது 20 இலக்கக் காரணியோ 50 இலக்கக் காரணியோ, இவற்றுக்கு ஒன்றுதான். மொத்த எண்ணின் நீளத்துக்கு ஏற்ற நேரத்தை எடுத்தே தீரும்.

வகுத்துப் பார்ப்பதை ஒரு லட்சம் வரை செய்துவிட்டு நகர்ந்துவிடலாம். ரோவுக்குக் காரணியின் வர்க்கமூலம் அளவுக்குப் படிகள் வேண்டும். 12 இலக்கக் காரணிக்குப் பத்து லட்சம் படிகள், கண் சிமிட்டும் நேரம். 20 இலக்கம் என்றால் ஆயிரம் கோடிப் படிகள், அங்கே அதை விட்டுவிடுவதே நல்லது.

பி−1 மீது எனக்குத் தனிப் பிரியம். 1903-இல் அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்தில் கோல் என்பவர் 2⁶⁷ − 1 = 193707721 × 761838257287 என்று காட்டினார். மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின என்று அவர் சொன்னதாகச் சொல்வார்கள். முதல் காரணியில் ஒன்றைக் கழித்துப் பாருங்கள்: 193707720 = 2³ × 3³ × 5 × 67 × 2677. எல்லாமே 3000-க்குள். இப்படி அமைந்துவிட்டால், ஓர் எண்ணுக்குச் சிறிய பகா எண்களை அடுக்காகப் போட்டு, ஒன்றைக் கழித்து, உடைக்க வேண்டிய எண்ணோடு மீ.பொ.வ கண்டதுமே காரணி வெளியே வந்துவிடும். இரண்டாம் காரணியில் ஒன்றைக் கழித்தால் 8539 என்ற பகா எண் வருகிறது; அதனால் 3000 என்ற வரம்பில் அது சிக்காது, முதலாவது மட்டும் தனியாகக் கிடைக்கும். இன்றைய லேப்டாப்புக்கு இது ஒரு நொடி வேலைகூட இல்லை.

ஆனால் காரணியில் ஒன்றைக் கழித்ததில் ஒரு பெரிய பகா எண் இருந்துவிட்டால் பி−1 அவ்வளவுதான். அது ஒருபோக நிலம், தவறினால் அந்த வருடம் போச்சு. 1980-களில் லென்ஸ்ட்ரா கொண்டுவந்த ஈ.சி.எம்-மில் குறுவை போனால் சம்பா, சம்பா போனால் தாளடி: வளைவரையை, அதாவது பெயரில் உள்ள அந்த கர்வை, மாற்றினால் பி−1 இருந்த இடத்தில் அதன் அருகிலேயே வேறோர் எண் வந்து உட்காரும். அது சிறு காரணிகளாக உடைகிறதா என்று மறுபடியும் பார்க்கலாம், எத்தனை முறை வேண்டுமானாலும்.

என் ஓட்டு ஈ.சி.எம்-முக்குத்தான். காரணம் கும்பகோணத்தில் வளர்ந்தவரிடமிருந்தே வருகிறது. ஓர் எண்ணுக்குப் பொதுவாக எத்தனை பகாக் காரணிகள் இருக்கும் என்பதை ஹார்டியும் ராமானுஜனும் 1917-இல் நிறுவினார்கள்: இயல் மடக்கையின் இயல் மடக்கை அளவுக்கு. நூறு இலக்க எண்ணுக்குக் கணக்குப் போட்டால் ஐந்து, ஆறுதான் வருகிறது. அவையும் ஒரே அளவில் இருப்பதில்லை. மிகப் பெரிய காரணி சராசரியாக எண்ணின் நீளத்தில் 62 சதவீதத்தை எடுத்துக்கொள்ளும்; இரண்டாவது வெறும் 21 சதவீதம். அந்த இரண்டாவதைப் பிடித்துவிட்டால் மிச்சமிருப்பது பகா எண்தான், வேலை முடிந்தது. ஆக, எங்கிருந்தோ வந்த நூறு இலக்க எண்ணில் நாம் பிடிக்க வேண்டியது பெரும்பாலும் 20 இலக்கத்தை ஒட்டிய ஒன்று. 25 இலக்கக் காரணிக்கு ஜி.எம்.பி-ஈ.சி.எம் பரிந்துரைப்பது சிறு காரணிகளுக்கு 50,000 என்ற வரம்பும் இருநூறு சொச்சம் வளைவரைகளும். சில நிமிடங்களில் ஓடி முடியும்.

ரகசியக் குறியீட்டுக்காக உருவாக்கப்படும் ஆர்.எஸ்.ஏ எண்களுக்கு இது பொருந்தாது. இரண்டு காரணிகளையும் வேண்டுமென்றே சம நீளத்தில் வைத்திருப்பார்கள். அங்கே சல்லடைதான்.

சல்லடை செய்வதைச் சின்ன எண்ணில் பார்க்கலாம். 1817-ஐ எடுத்துக்கொள்வோம். 43² − 1817 = 32. 47² − 1817 = 392. இரண்டும் தனித்தனியே வர்க்கமில்லை. பெருக்கினால் 12544, அதாவது 112². அந்தப் பக்கம் 43 × 47 = 2021, அதை 1817-ஆல் வகுத்தால் மீதி 204. 204 − 112 = 92. 92-க்கும் 1817-க்கும் மீ.பொ.வ 23. ஆகவே 1817 = 23 × 79. பெரிய எண்ணிலும் இதே வேலைதான். சிறு காரணிகளாக உடையும் மீதிகளை லட்சக்கணக்கில் சலித்தெடுத்து, பெருக்கினால் வர்க்கமாகும் கூட்டத்தை ஓர் அணியை (மேட்ரிக்ஸ்) தீர்த்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

95 முதல் 100 இலக்கம் வரை யாஃபுவின் இருபடிச் சல்லடையே போதும். அதற்கு மேல் எண் புலச் சல்லடை முந்திவிடும், ஆனால் நினைவகத்தையும் பொறுமையையும் கேட்கும். 2020-இல் உடைந்த 250 இலக்க ஆர்.எஸ்.ஏ எண்ணுக்குச் சலிப்பதற்கு மட்டும் கணினிச் செயலியின் ஒரு கோர் 2450 வருடம் ஓடும் அளவு உழைப்பு, அணிக்கு இன்னொரு 250.

டெல்டாவில் இன்னொன்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. ஈ.சி.எம் ஓடும்போது போனால் அந்த ஒரு வளைவரை மட்டுமே நஷ்டம். யாஃபு சலித்ததைக் கோப்பில் எழுதிக்கொண்டே போகும், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நீண்ட அணி வேலையை யு.பி.எஸ் இல்லாமல் தொடங்காதீர்கள்.

சல்லடை எட்டவே முடியாத இடமும் உண்டு. 2⁴⁰⁹⁶ + 1 என்ற ஃபெர்மா எண்ணுக்கு ஆறு பகாக் காரணிகள் தெரியும். ஆறாவது, 54 இலக்கம், 2010-இல் ஈ.சி.எம் தந்தது. மிச்சமுள்ள 1133 இலக்கப் பகு எண் இன்னும் உடையவில்லை. அதன் மீது திருவாரூரில் இருந்தபடி இன்றிரவே சில வளைவரைகளை ஓட்டலாம்.