மார்க் குறைவாக எடுக்கும் பையனுக்கு எது சரி: ஜி.டி.யா, டிரேட்ஸ்மேனா, கிளார்க்கா?

என் அக்கா பையன் மாக் டெஸ்டில் 100க்கு 40 எடுத்துவிட்டு வந்து உட்கார்ந்த அன்று ஆரம்பித்த யோசனை இது. ராணுவத்துக்கு நான்கு வருடப் பணியில் ஆள் எடுக்கும் அக்னிவீர் பொது நுழைவுத் தேர்வில் ஜி.டி. (ஜெனரல் டியூட்டி, அதாவது பொதுப் படைவீரர்) பிரிவுக்குத் தேர்ச்சி மார்க் 35. "பாஸ்தானே மாமா" என்றான். பாஸ்தான். ஆனால் பாஸானவர்களை எல்லாம் கிரவுண்டுக்கு, அதாவது ஓட்டம் முதலான உடல்தகுதிச் சோதனைக்கு, கூப்பிடுவதில்லை, மார்க் வரிசையில் மேலிருந்து எடுத்துக்கொண்டே வந்து தேவையான ஆள் சேர்ந்ததும் நிறுத்திவிடுகிறார்கள்.

எங்கள் வேலூர்ப் பக்கம் ராணுவத்துக்கு ஆள் அனுப்பாத தெரு குறைவு, கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே பெயர். அதனால் ஆலோசனைக்குப் பஞ்சமில்லை. பாதி ஆலோசனை பழைய காலத்தது, அதுதான் சிக்கல். அப்போதெல்லாம் முதலில் ஓட்டம், ஓடி ஜெயித்தவனுக்குத்தான் பரீட்சை. 2023ல் அதைத் தலைகீழாக்கிவிட்டார்கள்: முதலில் கம்ப்யூட்டர் முன்னால் தேர்வு, அப்புறம்தான் ரேலி என்கிற ஆள்சேர்ப்பு முகாமும் ஓட்டமும். ஓட்டத்தில் புலி, படிப்பில் சுமார் என்கிற பையன்கள் வாசலிலேயே நின்றுவிடுவது இதனால்தான்.

சம்பளத்தை வைத்துப் பிரிவைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. எல்லா அக்னிவீரருக்கும் முதல் வருடம் மாதம் 30,000, கைக்கு வருவது 21,000. நான்கு வருடம், முடிந்ததும் சேவா நிதி என்று மொத்தமாக ஒரு தொகை, நான்கில் ஒருவருக்கு வரை நிரந்தரப் பணி. இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததே.

கிளார்க் பிரிவை அன்றே தள்ளிவிட்டோம். 12ஆம் வகுப்பில் மொத்தம் 60 சதவீதம், ஒவ்வொரு பாடத்திலும் 50 வேண்டும், 200 மார்க் தேர்வு, அதில் ஒரு பெரிய பங்கு இங்கிலீஷ், போதாததற்கு டைப்பிங் வேறு. டெக்னிக்கல் பிரிவும் 200 மார்க்தான், இயற்பியலும் கணக்கும் கொஞ்சம் கடினமாகவே இருக்கும். இரண்டிலுமே கிரவுண்டில் தகுதி பெற்றால் போதும், எவ்வளவு வேகமாக ஓடினாலும் கூடுதலாக மார்க் கிடையாது. படிப்பில் பின்தங்கியவன் படிப்புக்கு மட்டுமே மார்க் தரும் இடத்தில் போய் நிற்பானேன்?

ஆக மிச்சம் ஜி.டி.யும், சமையல், தையல் மாதிரி வேலைகளுக்கான டிரேட்ஸ்மேனும். இரண்டு பிரிவுக்கு விண்ணப்பிக்கலாம் என்று 2025ல் வசதி வந்தது உண்மைதான், ஆனாலும் உழைப்பை எதில் கொட்டுவது என்பதை முடிவு செய்துதான் ஆக வேண்டும். நாங்கள் ஜி.டி. பக்கம் சாய்ந்தோம். கிளார்க்கிலும் டெக்னிக்கலிலும் இல்லாத ஒன்று அதில் இருந்தது.

ஜி.டி.யில் கிரவுண்டுக்குத் தனியாக 100 மார்க் இருக்கிறது, அது தேர்வு மார்க்கோடு சேர்ந்துதான் கடைசிப் பட்டியல் வருகிறது. 1.6 கிலோமீட்டர் ஓட்டத்தை ஐந்தரை நிமிடத்துக்குள் முடித்தால் 60. ஒரு விநாடி தாண்டினாலும் 48. ஐந்தே முக்காலைத் தாண்டி ஆறு நிமிடத்துக்குள் வந்தால் 36, அதையும் தாண்டி 6.15 வரை 24. பீமில், அதாவது கம்பியைப் பிடித்துத் தொங்கி உடம்பை மேலே இழுப்பதில், பத்து எடுத்தால் 40, ஒன்பதுக்கு 33, எட்டுக்கு 27, ஏழுக்கு 21, ஆறுக்கு 16. ஒன்பது அடிப் பள்ளம் தாண்டுவதும் ஜிக்ஜாக் பேலன்ஸும் செய்துகாட்டினால் போதும், மார்க் இல்லை.

இதை ஒரு பழைய பில்லின் பின்புறம் எழுதி அவனிடம் காட்டினேன். அப்போது அவன் ஓட்டம் 5 நிமிடம் 58 விநாடி, பீம் ஆறு. அதாவது 36ம் 16ம், மொத்தம் 52. அரை நிமிடத்தைக் குறைத்து, பீமில் நான்கைக் கூட்டினால் 100. வித்தியாசம் 48 மார்க். தேர்வில் கேள்விக்கு 2 மார்க், ஆக 24 கேள்விக்குச் சமம். மொத்தமே 50 கேள்விதான்! பாதி கேள்வித்தாள் கிரவுண்டில் கிடக்கிறது. பில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "கணக்குல 24 கேள்வி எனக்கு ஏறாது மாமா, இது ஏறும்" என்றான்.

மறுநாள் கொல்லையில் இரண்டு புளியமரத்துக்கு நடுவே ஒரு தண்ணீர்க் குழாயைக் கட்டினோம். முதல் மாதம் உள்ளங்கைத் தோல் உரிந்து தொங்கியது, ஏழிலேயே மூன்று வாரம் நின்றான். பத்துக்கு வர நான்கு மாதம் ஆனது. ஓட்டம் சீக்கிரம் குறைந்தது: 5.45 வரை சுலபம், அதற்கப்புறம் ஒவ்வொரு விநாடியும் சண்டை. முதல் 400 மீட்டரில் பாய்ந்துவிட்டு மூன்றாவது சுற்றில் செத்துப்போகிற பழக்கத்தை விட்டபிறகுதான் 5.30க்குள் வந்தான்.

அதற்காகத் தேர்வை விட்டுவிட முடியாது, கூப்பிட்டால்தானே கிரவுண்டு. அங்கே எங்களுக்கு உதவியவை இரண்டு. ஒன்று, 2025 முதல் தமிழிலும் தேர்வு எழுதலாம். அவன் கேள்வி புரியாமலே கோட்டைவிட்டது எவ்வளவு என்று அப்போதுதான் தெரிந்தது. இரண்டு, நெகட்டிவ் மார்க். அந்த 40 எப்படி வந்தது என்று பிரித்துப் பார்த்தால் 24 சரி, 16 தப்பு. தப்புக்கு அரை மார்க், எட்டு மார்க் போயே போச்சு. நான்கு விடையில் இரண்டையாவது தள்ள முடிந்தால் மட்டும் குறி, இல்லையென்றால் தொடாதே என்று வைத்தோம். மாக் டெஸ்ட் ஐம்பதைத் தாண்டியது. என்.சி.சி. சான்றிதழ் இருந்தால் போனஸ் மார்க் உண்டு, எங்களிடம் இல்லை. பள்ளியில் படிக்கும் தம்பி வீட்டில் இருந்தால் இப்போதே என்.சி.சி.யில் சேர்த்துவிடுங்கள்.

டிரேட்ஸ்மேனைக் குறைத்துப் பேசவில்லை. பத்தாம் வகுப்பில் மொத்தம் 45 சதவீதம் இல்லையென்றால் ஜி.டி. கதவு மூடிவிடும், அப்போது பாடத்துக்கு 33 வாங்கியவனுக்கு டிரேட்ஸ்மேன்தான் வழி. ஹவுஸ் கீப்பர், மெஸ் கீப்பர் இரண்டுக்கும் எட்டாவது பாஸ் போதும். சமையல், தையல், முடிதிருத்தம் கைவந்தவனுக்கு நான்கு வருடம் கழித்து வெளியே வந்தாலும் கைத்தொழில் சோறு போடும், அந்த விஷயத்தில் ஜி.டி.யை விட இதுதான் மேல் என்றே தோன்றுகிறது. ஆனால் இடங்கள் குறைவு, டிரேட் டெஸ்ட் ஒன்று கூடுதலாக உண்டு. அதைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பக்கத்துத் தெரு பையன் சொன்னதுதான்: சமையலுக்குப் போனவனைச் சப்பாத்தி மாவு பிசையச் சொல்லி, கை போகிற விதத்தைப் பார்த்தார்களாம். எங்கள் பையனுக்கு வெந்நீர் வைக்கவே வராது.

"மார்க் குறைந்தாலும் உள்ளே தள்ளிவிடுகிறேன்" என்று ஒருவர் லட்சக்கணக்கில் கேட்டார். விண்ணப்பக் கட்டணமே 250 ரூபாய்தான் என்று சொல்லி அனுப்பிவிட்டோம்.

ரேலியில் அவன் 5.27க்கு வந்தான், பீம் பத்து. மெடிக்கலில் காது அழுக்கு என்று ஒருமுறை திருப்பி அனுப்பினார்கள், சுத்தம் செய்துகொண்டு போய்த் தேறினான். போகிறவர்கள் முந்தின வாரமே ஒரு காது டாக்டரைப் பார்த்துவிடுங்கள்.