டிரெஞ்சில் செம்புக் கம்பி இல்லாத சப்ஸ்டேஷன்: ஒரு மழைக்காலம் பார்த்தபின்

கடலூர் சிப்காட்டில் எங்கள் ஆலையின் 33/11 கேவி சப்ஸ்டேஷனை (33,000 வோல்டை 11,000 ஆக இறக்கும் துணைமின் நிலையம்) டிஜிட்டலாக மாற்றி ஒரு ஐப்பசி, கார்த்திகை போய்விட்டது. 19 வருஷமாக ரிலே (மின்கோளாறைக் கண்டுபிடித்து லைனைத் துண்டிக்கச் சொல்லும் காவல் கருவி) வேலை பார்ப்பவன் எழுதுகிறேன்.

பழைய யார்டில் (கருவிகள் நிற்கும் திறந்தவெளி) என் தூக்கத்தைக் கெடுத்தது, அங்கிருந்து கண்ட்ரோல் ரூமுக்குச் செம்புக் கம்பிகள் போகும் கேபிள் டிரெஞ்ச்தான். உப்புக்காற்று, அடைமழை, முழங்கால் தண்ணீர். பேனலைத் திறந்தால் டெர்மினல் திருகெல்லாம் பச்சை பூத்திருக்கும். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்தபின், டிசி எர்த் ஃபால்ட் (கண்ட்ரோல் கம்பியிலிருந்து மின்சாரம் மண்ணுக்குக் கசிவது) எங்கே என்று ஒவ்வொரு கம்பியாகக் கழற்றி மூன்று ராத்திரி தேடினோம்.

இப்போது பெரிய கரண்டையும் வோல்டேஜையும் அளக்கிற அளவுக்குச் சிறிதாக்கித் தரும் சிடி, பிடி டிரான்ஸ்ஃபார்மர்களின் கம்பிகள் யார்டிலேயே மெர்ஜிங் யூனிட் பெட்டியோடு நின்றுவிடுகின்றன. அது கரண்டையும் வோல்டேஜையும் சைக்கிளுக்கு 80 தடவை, செகண்டுக்கு 4000 தடவை அளந்து ஃபைபரில் அனுப்புகிறது. டிரிப் கட்டளை (பிரேக்கரைத் திறந்து மின்சாரத்தை நிறுத்தும் உத்தரவு) கூஸ் என்கிற அதிவேக நெட்வொர்க் மெசேஜாக ஃபைபரிலேயே வருகிறது. எல்லாம் ஐஇசி 61850 என்கிற, சப்ஸ்டேஷன் கருவிகள் பேசிக்கொள்வதற்கான சர்வதேச தர முறைப்படி. இந்த மழைக்கு ஒரு எர்த் ஃபால்ட் அலாரம்கூட இல்லை. கண்ட்ரோல் ரூமில் சிடி செகண்டரியே (சிடியின் வெளியீட்டுக் கம்பி) இல்லாதது இன்னும் பெரிய நிம்மதி. லோடு ஓடும்போது அது ஓப்பன் ஆனால் ஆளையே கொல்லும் வோல்டேஜ் ஏறும். அதில் கை வைக்கும் முன் லிங்க்கை (இரு முனைகளையும் இணைக்கும் தகடு) ஷார்ட் பண்ணிவிட்டோமா என்று மூன்று தடவை தடவிப் பார்த்த கை இது.

ஃபீடருக்கு (ஆலையின் ஒவ்வொரு பகுதிக்கும் மின்சாரம் கொண்டுபோகும் லைன்) ஒரு ரிலே என்பதும் போய்விட்டது. எல்லா ஃபீடர் ப்ரொடெக்ஷனும் சாஃப்ட்வேராக சர்வரில் ஓடுகிறது. ஒரே சர்வர் போதும் என்றார்கள், நான் விடவில்லை. அது படுத்தால் மொத்த ஆலையும் காவலில்லாமல் நிற்கும். இரண்டாவது சர்வரும், இரண்டு தனித்தனி நெட்வொர்க்கும் வாங்க வைத்தேன். கமிஷனிங் அன்று முதல் சர்வரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, டெஸ்ட் கிட்டில் ஃபால்ட் கரண்ட் ஏற்றினோம். பிரேக்கர் 'டமார்' என்று விழுந்தது. அதற்குப் பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.

குறை ஒன்று. முழு சிஸ்டத்தின் கான்ஃபிகரேஷன் ஃபைலைத் தர சப்ளையர் இரண்டு மாசம் இழுத்தடித்தார். வயரிங் டிராயிங் இல்லாமல் பேனலை விற்பதற்குச் சமம் இது. ஆர்டரிலேயே எழுதி வாங்கிவிடுங்கள். மெர்ஜிங் யூனிட்கள் எல்லாம் ஒரே நேரம் காட்டியாக வேண்டும், 1 மைக்ரோ செகண்டுக்கு மேல் பிசகக் கூடாது. அதனால் மொட்டைமாடி ஜிபிஎஸ் ஆன்டெனாவைப் புயலுக்குத் தாங்குகிற மாதிரி இறுக்கிக் கட்டுங்கள்.

முதல் நாள், கம்பியில் மின்சாரம் வருகிறதா என்று டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்த்துப் பழகிய எங்கள் சீனியர் எலக்ட்ரீஷியன், "சார், டெஸ்ட் லேம்ப்பை எங்க வச்சுப் பார்க்கிறது?" என்று திகைத்து நின்றார். பிரேக்கர் நிலை மாறினால் கூஸ் மெசேஜில் ஸ்டேட் நம்பர் ஒன்று கூடும். இப்போது யார்டிலிருந்து பிரேக்கரை இயக்கினால், லேப்டாப்பைப் பார்த்து, "ஏறிடுச்சு சார்" என்று அவர்தான் முதலில் குரல் கொடுக்கிறார்.