18,800 ரூபாய் போச்சு: ஈசிஆர் பக்கம் டென்ட் கேம்ப் புக் செய்யப் போகிறவர்கள் ஒரு நிமிஷம் நில்லுங்கள்

நேரே விஷயத்துக்கு வருகிறேன். 18,800 ரூபாய். மூன்று குடும்பம், பெரியவர்கள் ஆறு பேர், பிள்ளைகள் நாலு பேர், ஒரே ஒரு ராத்திரி. அந்த ராத்திரியும் முழுசாகத் தங்கவில்லை, பதினொரு மணிக்குமேல் காரைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டோம். பணம் இன்னும் வரவில்லை. வரும் என்று சொன்ன கேம்ப் ஆள் இப்போது என் நம்பரை பிளாக் செய்துவிட்டான். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

தாம்பரம், சேலையூர், மாடம்பாக்கம் பக்கம் குடியிருப்பவர்களுக்கு என் கதை புரியும். பிள்ளைகளுக்கு டென்டில் தூங்க வேண்டும். பெரியவர்களுக்கு ஞாயிறு மதியம் வீட்டுக்கு வந்துவிட வேண்டும், திங்கள் ஆபீஸ். ஏலகிரி நல்ல இடம்தான், ஆனால் போக நாலு மணி நேரத்துக்கு மேல், அப்புறம் பதினாலு கொண்டை ஊசி வளைவு. ஒரு ராத்திரிக்கு அது கட்டாது. நாகலாபுரம், தடா எல்லாம் ஆந்திராக் காடு. பேச்சிலர் பசங்களுக்குச் சரி, ஐந்து வயசுக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பாறை ஏற முடியாது. 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் அத்தனை உயிர் போன பிறகு, காட்டுக்குள் அனுமதி இல்லாமல் கூட்டிப்போகிற ஆட்களை நான் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. அரசே 2024 அக்டோபரில் தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு இருக்கிறது, அது மலையேற்றத்துக்கு. எங்களுக்கு வேண்டியது பிள்ளைகள் ஓடி விளையாட ஒரு தோப்பு, அதில் நாலு டென்ட்.

மிச்சம் இருப்பது ஈசிஆர். மாமல்லபுரம் தாண்டிவிட்டால் கூட்டம் குறையும். முதலியார்குப்பத்தில் சுற்றுலாக் கழகத்தின் படகுத்துறை இருக்கிறது, இன்னும் தெற்கே போனால் கடப்பாக்கத்தில் ஆலம்பரைக் கோட்டை, அதற்கப்புறம் மரக்காணம் உப்பளம். உப்பங்கழி, சவுக்குத்தோப்பு, கடல் மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்கிற பகுதி. இதைத் தெரிந்துகொண்டுதான் இந்த மாதிரி ஆட்கள் அங்கே கடை விரிக்கிறார்கள்.

தங்கும் இடங்களைப் பட்டியல் போடுகிற ஓர் ஆப். பெயர் சொல்லப்போவதில்லை, காரணம் கடைசியில். அதில் ஒரு கேம்ப். வட்டமான வெள்ளை டென்ட்கள், மேலே சீரியல் லைட், முன்னால் கண்ணாடியாக உப்பங்கழி, ஓரத்தில் மஞ்சள் கயாக். 'குடும்பங்களுக்கு ஏற்றது', 'வெஸ்டர்ன் டாய்லெட்', 'ஆர்ஓ தண்ணீர்', 'பார்பெக்யூ', 'பீச் கேம்ப்ஃபயர்', 'ஆமை நடை'. 'தாம்பரத்திலிருந்து ஒரே மணி நேரம்' என்று வேறு. சனிக்கிழமை காலை பெருங்களத்தூரிலிருந்து கூடுவாஞ்சேரி தாண்டுவதற்கே ஒரு மணி நேரம் ஆகும் என்பது, கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்ட் வந்த பிறகு இந்தப் பக்கம் வாழ்கிற எல்லாருக்கும் தெரியும். அதைப் படித்துச் சிரித்துவிட்டு மேலே போனோம். பெரியவர்களுக்கு 2,200, பிள்ளைகளுக்கு 1,400. மொத்தம் 18,800.

ஆப்பில் 4,000 கட்டியதும் கேம்ப் ஆள் போன் செய்தான். இங்கேதான் நான் விழுந்தேன். பேரம் இல்லை, அவசரப்படுத்தவில்லை. பெயர் கேட்டான், ஊர் கேட்டான். "அக்கா, கொழந்தைங்க எத்தன வயசு? சின்னவனுக்கு அஞ்சா? ராத்திரி பால் குடிப்பானா? நம்ம பக்கத்துல மாட்டுப்பாலு கெடைக்கும், காய்ச்சி ஃபிளாஸ்க்குல வெச்சுடறேன். யாருக்காவது கடலை, இறா அலர்ஜி இருக்கா?" என் நாத்தனாருக்கு இறால் ஒத்துக்கொள்ளாது. சொன்னேன். "குறிச்சுக்கிட்டேன்க்கா, அவங்களுக்குத் தனி சட்டி." ஊரில் எத்தனை பெரிய ஹோட்டல்காரன் இப்படிக் கேட்டிருக்கிறான்? போனை வைத்ததும் வீட்டில் எல்லாரிடமும் "நல்ல பையனா இருக்கான்" என்று சொன்னேன். அந்த வாக்கியத்தை என் வீட்டுக்காரர் இப்போது தினமும் எனக்குத் திருப்பிச் சொல்கிறார்.

மறுநாள் அதே குரல். "அக்கா, ஆப்புல போட்டா அவன் கமிஷன் புடிச்சிக்கிறான். மீதிய எனக்கு நேரா போட்டுடுங்க, கொழந்தைங்களுக்கு கயாக் ஃப்ரீயா தரேன்." க்யூஆர் அனுப்பினான். ஸ்கேன் செய்தால் ஏதோ மொபைல் கடையின் பெயர் வந்தது. கேட்டேன். "தம்பி கடைக்கா, எல்லாம் ஒரே அக்கவுண்டு." 14,800 போனது. நன்றி சொல்லி, கைகூப்பும் பொம்மையும் அனுப்பினான்.

இடத்தின் லொகேஷன் கிளம்புகிற அன்றைக்குத்தான் வந்தது. மதுராந்தகம் போய், செய்யூர் ரோட்டில் திரும்பி, ஈசிஆர் பிடித்து, அங்கிருந்து மண் பாதை. 'ஒரே மணி நேரம்' மூன்று மணி நேரமாக ஆனது. மேப் நின்ற இடத்தில் உப்பங்கழி இல்லை. இறால் பண்ணைக் குட்டை இருந்தது. அதில் ஏரேட்டர் விசிறி தண்ணீரை அடித்துக்கொண்டே இருந்தது. இறாலுக்கு ராத்திரியில்தான் காற்று அதிகம் வேண்டுமாம், அதனால் விடிய விடிய ஓடுமாம். இதை எங்களுக்குச் சொன்னது பண்ணைக் காவலாளி. படத்தில் இருந்த கேம்ப் எந்த ஊரில் இருக்கிறதோ, கடவுளுக்கே வெளிச்சம்.

அங்கே இருந்தது இரண்டு பையன்கள், ஆறு டென்ட். ஒரு டென்டின் கம்பி முறிந்து பிரவுன் டேப் சுற்றியிருந்தது. இரண்டில் ஜிப் ஓடவில்லை, கடற்கரை ஓரம், கொசு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. தலையணை உறையில் ஒரு கல்யாண மண்டபத்தின் பெயர் அச்சடித்திருந்தது. வெஸ்டர்ன் டாய்லெட் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் தண்ணீர் இணைப்பு இல்லை, தாழ்ப்பாள் இல்லை, கதவை நைலான் கயிற்றில் உள்ளேயிருந்து இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். பத்துப் பேருக்கு ஒரே ஒரு தண்ணீர் கேன். பார்பெக்யூ என்பது பாலித்தீன் கவரில் வந்த பரோட்டாவும் சால்னாவும். ஃபிளாஸ்க்கில் பால்? அந்தப் பையன்களுக்கு அப்படி ஒரு விஷயமே தெரியாது. "எங்ககிட்ட ஆறு பேர்னுதான் சொன்னாருக்கா." நாத்தனாரின் இறால் விஷயமும் தெரியாது.

மஞ்சள் கயாக் மட்டும் இருந்தது. அடியில் விரிசல் விட்டு, கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். அதன் கீழே ஒரு நாய் குட்டி போட்டிருந்தது. பிள்ளைகளுக்கு அன்றைக்குக் கிடைத்த ஒரே சந்தோஷம் அந்தக் குட்டிகள்தான். அதற்கு விலை 18,800.

ஒன்பது மணி போல பையன்கள் கடற்கரையில் விறகை அடுக்கித் தீ வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் குப்பத்திலிருந்து நாலைந்து பேர் டார்ச்சோடு வந்தார்கள். ஜனவரியிலிருந்து, 'பங்குனி ஆமை' என்கிற கடலாமைகள் கரையேறி முட்டையிடுகிற காலம். கரையில் வெளிச்சம் இருந்தால் தாய் ஆமை திரும்பிப் போய்விடும், பொரித்த குஞ்சுகள் கடலை விட்டுவிட்டு வெளிச்சத்தைப் பார்த்து நகரும். சென்னையில் மாணவர் அமைப்புக்காரர்கள் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ராத்திரியில் நடந்து முட்டைகளைச் சேகரித்துக் காப்பாற்றுவது அதனால்தான். 'ஆமை நடை'யும் 'பீச் கேம்ப்ஃபயரும்' ஒரே விளம்பரத்தில் போடுகிறவனுக்கு ஆமையும் தெரியாது, கரையும் தெரியாது. வந்தவர்களில் ஒரு பெரியவர் எங்களைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். "ஏம்மா, கொழந்தைங்கள இட்டுக்கினு இங்கியா வந்தீங்க?" அவர் வீட்டிலிருந்து ஒரு குடம் தண்ணீர் வந்தது. காசு வாங்க மறுத்துவிட்டார்.

அப்புறம் இடத்துக்காரர் வந்தார். கேம்ப் நடத்துகிறவன் அவருக்குப் பல மாத வாடகை பாக்கியாம். இனிமேல் யாரையும் கூட்டி வராதே என்று ஏற்கெனவே சொல்லிவிட்டாராம். எங்களைத் திட்டவில்லை, ஆனால் "காலி பண்ணிடுங்க" என்பதை எத்தனை மரியாதையாகச் சொன்னாலும் அது காலி பண்ணிடுங்கதான். தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளைத் தூக்கிக் காரில் போட்டோம். அந்த நல்ல பையனின் போன், ஸ்விட்ச் ஆஃப்.

மறுநாள் அவனே பேசினான். "சாரிக்கா, பசங்க சொதப்பிட்டாங்க. ஃபுல் அமௌன்ட் ரிட்டர்ன், என் பொறுப்பு." சரி என்றேன். அடுத்த போனில் "அக்கவுண்ட்ஸ்ல சொல்லியிருக்கேன்." எந்த அக்கவுண்ட்ஸ்? அவனும் இரண்டு பையன்களும்தானே கம்பெனி? அப்புறம் "ஏழு வேலை நாள் ஆகும்". அப்புறம் "எங்க மாமா தவறிட்டாரு, காரியம் முடியட்டும்". அதற்கு என்ன பதில் சொல்ல முடியும், பேசாமல் இருந்தேன். அதற்கும் அப்புறம் குரல் மாறியது. "நீங்களா ராத்திரி கெளம்பிப் போனதுக்கு நான் எப்படி மேடம் பொறுப்பு?" அக்கா போய் மேடம் வந்தால் பணம் வராது என்று புரிந்துகொள்ளுங்கள்.

இதற்கு நடுவே ஒரு நாள் இன்னொரு க்யூஆர் அனுப்பினான். "இத ஸ்கேன் பண்ணி பின் போடுங்கக்கா, உங்க அக்கவுண்ட்டுக்கு 14,800 வந்துடும்." நல்லவேளை, என் மகள் பிளஸ் டூ படிக்கிறவள், பக்கத்தில் இருந்தாள். பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் ஒருநாளும் தேவைப்படாது. பின் போட்டால் நம் அக்கவுண்டிலிருந்து போகும், அவ்வளவுதான். வாங்கின 18,800 போதாதென்று மறுபடி 14,800க்குக் கை நீட்டுகிறவனை என்ன சொல்லித் திட்டுவது?

ஆப்காரர்கள் கதை தனி. சாட்டில் ஒரு இயந்திரம். 'உங்களுக்கு ஏற்பட்ட அனுபவத்துக்கு வருந்துகிறோம்.' மனிதர் வேண்டும் என்றால் மறுபடி வருந்துகிறது. கடைசியில் வந்த மெயில்: 4,000 ரூபாய் முன்பதிவுக் கட்டணம், திரும்பத் தர இயலாது. 14,800 எங்கள் தளத்துக்கு வெளியே நடந்தது, எங்களுக்குத் தொடர்பில்லை. நாங்கள் இருவரையும் இணைக்கிறோம், அவ்வளவே. புகார் முடித்துவைக்கப்பட்டது. அடுத்த நிமிஷமே இன்னொரு மெயில்: 'எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம்?' 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி இப்படிப்பட்ட தளங்கள் குறைதீர் அதிகாரியின் பெயரையும் தொடர்பையும் வெளியிட வேண்டும், புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அந்த ஆப்பில் எங்கே தேடியும் ஒரு மனிதப் பெயர் கிடையாது.

நேற்று பார்த்ததுதான் இதை எழுத வைத்தது. அந்த கேம்ப்பின் பக்கத்தில் புது ரீல். நாங்கள் காரிலிருந்து இறங்கியபோது அந்தப் பையன்களில் ஒருவன் போனில் எடுத்தது. என் மகன் நாய்க்குட்டியைக் கையில் வைத்துக்கொண்டு சிரிக்கிறான். மேலே 'ஹேப்பி ஃபேமிலிஸ்'. பின்னணியில் பாட்டு. கீழே பத்துப் பதினைந்து பேர் 'விலை என்ன ப்ரோ' என்று கேட்டிருக்கிறார்கள்.

எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விவரமாக எழுதலாம் என்றுதான் நினைத்தேன். பொறுமை இல்லை. அவசரமாகச் சில மட்டும். லொகேஷனை முன்பணத்துக்கு முன்னால் கேளுங்கள், கொடுக்கவில்லையென்றால் விடுங்கள். முடிந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பைக்கில் போய் டாய்லெட்டைப் பாருங்கள், டென்டை அல்ல. இடம் யாருடையது, வாடகையா சொந்தமா என்று கேளுங்கள். கடற்கரையில் தீ மூட்டித் தருகிறேன் என்பவனை நம்பாதீர்கள். ஆப்புக்கு வெளியே பணம் கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். க்யூஆரில் வருகிற பெயரும் கேம்ப்பின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும், தம்பி கடை, மச்சான் கடை எல்லாம் வேண்டாம். பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்குப் போன் செய்யுங்கள், தாமதிக்கத் தாமதிக்கப் பிடித்து நிறுத்துவது கஷ்டம். நுகர்வோர் உதவிக்கு 1915.

1930இல் பதிந்துவிட்டேன். செங்கல்பட்டு நுகர்வோர் ஆணையத்துக்கும் மனு தயாராகிறது. நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம், ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை. மனு போகிற நேரத்தில் பெயரை வெளியே எழுதாதே என்று தெரிந்த வக்கீல் சொன்னதால்தான் ஆப்பின் பெயரும் அவன் பெயரும் இங்கே இல்லை. ஆனால் அடுத்த சனிக்கிழமைக்கும் அவன் புக்கிங் எடுத்துக்கொண்டுதான் இருக்கிறான். மதுராந்தகம், செய்யூர் வழியாகப் போகிற ஒரு கேம்ப்புக்கு, சின்னவன் ராத்திரி பால் குடிப்பானா என்று உங்களிடம் யாராவது கேட்டிருந்தால், மீதிப் பணத்தை அனுப்பாதீர்கள்.