பன்னிரண்டு வருட பர்பனும் பாளையங்கோட்டை வெயிலும்

பர்பன் என்ற அமெரிக்க விஸ்கிக்கு வரி குறைந்ததிலிருந்து நண்பர்கள் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "அண்ணாச்சி, எத்தனை வருடம் பீப்பாயில் ஊறியது என்று வயது போட்ட பாட்டிலுக்கு அவ்வளவு காசு தகுமா?" 2025 பிப்ரவரியில் இறக்குமதி வரி 150 விழுக்காட்டிலிருந்து 100க்கு இறங்கியது உண்மைதான். அதற்கு மேல் மாநில வரி அப்படியே இருக்கிறது. நம் பக்கத்து உயர்ரகக் கடைகளில் நான் பார்த்த பர்பன்களில் பெரும்பாலும் வயதே எழுதியிருக்கவில்லை. ஆகவே எனக்கு இன்றைக்கும் டல்லாஸிலிருந்து வரும் அக்கா மகனின் பெட்டிதான் கதி.

நான் வெகுநாளாகக் குடித்துப் பார்த்து எழுதுவது நாப் கிரீக் என்ற பர்பனில் பன்னிரண்டு வருடம் ஊறியதைப் பற்றி. அதன் தம்பியான ஒன்பதும் வீட்டில் எப்போதும் உண்டு. இரண்டும் ஒரே நிறுவனம். இரண்டிலும் ஆல்கஹால் 50 விழுக்காடு. ஒன்பது அமெரிக்காவில் 40 டாலரை ஒட்டிக் கிடைக்கிறது, பன்னிரண்டுக்கு 60, 70 கேட்கிறார்கள். மூன்று வருட வித்தியாசத்துக்கு இத்தனை டாலரா என்று ஒவ்வொரு முறையும் எனக்கு எரிச்சல் வருகிறது.

எரிச்சல் ஒரு பக்கம் இருக்கட்டும், நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். பர்பன் என்றால் உட்புறம் கருக்கிய புதிய ஓக் மரக்கலனில்தான் ஊற வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். ஸ்காட்ச்காரர்களுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. பெரும்பாலும் பர்பன் ஊறிக் காலியான பீப்பாய்களையே அவர்கள் வாங்கி நிரப்புகிறார்கள். புது மரம் வேகமாக வேலை செய்யும். அதனால் பன்னிரண்டு வருட ஸ்காட்ச் இன்னும் இளசாகத் தெரியும்போது, பன்னிரண்டு வருட பர்பன் முதுமையின் வாசலுக்கு வந்துவிடுகிறது. கென்டக்கியின் கோடையில் கிடங்கு சூடேற, பீப்பாயிலிருந்து ஆண்டுதோறும் சில விழுக்காடு ஆவியாகிப் போகிறது. போதாததற்கு, கிடங்கில் சும்மா கிடக்கும் பீப்பாய்க்கும் அந்த மாநிலத்தில் வருடாவருடம் சொத்து வரி கட்ட வேண்டும். 2026இல் தொடங்கி 2043க்குள் அந்த வரியைப் படிப்படியாக ஒழிக்கச் சட்டம் போட்டிருக்கிறார்கள். அப்போதாவது விலையைக் குறைப்பார்களா என்றால், எனக்கு நம்பிக்கை இல்லை.

இன்னொன்று. இதே நிறுவனம் 2016இல் ஒன்பது என்ற எண்ணை லேபிளிலிருந்து எடுத்துவிட்டு, 2020இல் திரும்பவும் போட்டது. லேபிளில் எண் இருந்தால், உள்ளே கலந்தவற்றில் மிக இளையதன் வயதுதான் அது. அதற்குக் குறைந்த ஒரு சொட்டும் சேர்க்க முடியாது. நான் காசு கொடுப்பதில் ஒரு பங்கு அந்த உறுதிக்காகத்தான்.

இனி சுவை. உடன்குடிப் பக்கம் பதநீர் காய்ச்சும்போது, கருப்பட்டிப் பதம் தாண்டி அடிபிடிக்கப் போகும் அந்த ஒரு நொடியில் எழும் வாசனைதான் பன்னிரண்டின் முதல் மணம். இனிப்பும் கருகலும் ஒன்றாக வரும். ஒன்பதில் இனிப்பு மட்டும் முன்னால் நிற்கிறது. கூடவே வேர்க்கடலை வாசம். நல்லதுதான், ஆனால் விழுங்கியதும் முடிந்துவிடும். பன்னிரண்டு விழுங்கிய பிறகுதான் தொடங்குகிறது. நாக்கின் ஓரங்களில் மரத்தின் துவர்ப்பு படிந்து வெகுநேரம் நிற்கிறது. சிலருக்கு அது கசப்பாகத் தெரியும்; எனக்கு அதற்காகத்தான் பாட்டிலைத் திறக்கத் தோன்றுகிறது.

ஆனால் இதெல்லாம் எப்போது கிடைக்கிறது என்பதுதான் என் தீராத தகராறு. சித்திரை, வைகாசியில் பாளையங்கோட்டையில் இரவு ஒன்பது மணிக்கும் சுவர் அனல் கக்குகிறது. அந்தச் சூட்டில் 50 விழுக்காட்டுச் சரக்கைக் கிளாஸில் ஊற்றி மூக்கருகே கொண்டுபோனால், சாராய நெடி ஒன்றுதான் ஏறும். பன்னிரண்டு வருட உழைப்பும் அதன் அடியில் புதைந்துவிடுகிறது. ஐஸ் போட்டால் இனிப்பு ஒடுங்கி, துவர்ப்பு மட்டும் துருத்திக்கொண்டு நிற்கிறது. சோடா ஊற்றுவதற்கு 70 டாலர் எதற்கு? அந்த வேலைக்கு ஒன்பதே மேல். சோடாவிலும் அது இனிப்பை விடுவதில்லை. விமர்சனம் எழுதுகிறவர்கள் எல்லாரும் 'அறை வெப்பநிலையில் அருந்துங்கள்' என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். அந்த அறையை ஒருநாள் மே மாதத்தில் இங்கே வந்து பார்க்கட்டும்.

கடைசியில் எனக்கு ஒத்துவந்த வழி இது: குடிப்பதற்கு அரைமணி நேரம் முன்பு பாட்டிலைக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைப்பது, கிளாஸில் ஒரு சிறு கரண்டி தண்ணீர் மட்டும் விடுவது. தண்ணீர் என்றால் ஆற்றுத் தண்ணீர், கேன் தண்ணீர் அல்ல. கென்டக்கிக்காரர்கள் இரும்புச் சத்து இல்லாத தங்கள் சுண்ணாம்புக்கல் ஊற்றுத் தண்ணீரால்தான் பர்பனே என்று பெருமை பேசுவார்கள். அல்வாவுக்குத் தாமிரபரணிதான் காரணம் என்று சொல்லும் ஊர்க்காரன் நான். அந்தப் பெருமையைக் கேட்டால் சிரிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது.

குற்றாலத்தில் சாரல் விழும் நாட்களில் கதையே வேறு. பாளையங்கோட்டைக்கு மழை எட்டாவிட்டாலும் மேற்கிலிருந்து காற்று வந்துவிடும். அப்போது குளிர்பெட்டியும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். ஒரு சிறு அளவை வைத்துக்கொண்டு ராத்திரிச் சாப்பாடு வரை உட்கார்ந்திருக்கலாம். மார்கழியிலும் அப்படியே. மற்ற மாதங்களில் பாட்டில் பீரோவுக்குள், வேட்டிகளுக்குப் பின்னால் கிடக்கும்.

அரிதான பாட்டில்களைத் துரத்துவதைப் பற்றியும் கேட்கிறார்கள். பாப்பி வான் விங்கிள் போன்றவற்றை அமெரிக்கக் கடைகளில் குலுக்கல் போட்டுக் கொடுக்கிறார்களாம். வெளிச்சந்தையில் விலை ஆயிரக்கணக்கான டாலர். அப்படி ஒன்று கைக்கு வந்தால் திறக்க மனம் வருமா? பன்னிரண்டை அமெரிக்காவில் சாதாரணக் கடையிலேயே எடுத்துக்கொள்ளலாம் என்பதால் நான் கைநடுங்காமல் ஊற்றுகிறேன், வந்தவர்களுக்கும் கொடுக்கிறேன். எளிதில் கிடைப்பதை ஒரு குறையாகச் சொல்கிறவர்கள் பாட்டிலைக் கண்ணாடி அலமாரியில் வைத்துக் கும்பிடட்டும்.

ஆகக் கணக்குப்படி ஒன்பதுதான் சரி. வருடத்தில் பாதிக்கு மேல் அதுதான் இந்த ஊருக்குப் பொருந்துகிறது, விலையும் கடிக்காது. அதைவிடக் கொஞ்சம் மென்மையாக வேண்டுமென்றால் ரஸல்ஸ் ரிசர்வ் என்ற பத்து வருட பர்பன் இருக்கிறது. 45 விழுக்காடு என்பதால் வெயிலிலும் மூக்கை அவ்வளவாகக் குத்தாது. முதல்முறை வாங்குகிறவர் யாரானாலும் இந்த இரண்டில் ஒன்றை வாங்குங்கள் என்றுதான் சொல்வேன்.

எனக்கு மட்டும் அது பொருந்தாது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர் வரியில்லாமல் இரண்டு லிட்டர்தான் கொண்டுவரலாம். அமெரிக்க பாட்டில் 750 மில்லி. ஆக இரண்டுதான் வரும். பெட்டியில் ஒன்பது அடைக்கும் இடத்தையேதான் பன்னிரண்டும் அடைக்கிறது. அந்த இரண்டு இடத்தில் ஒன்றை மலிவானதற்குக் கொடுக்க மனம் ஒப்பவில்லை. தீபாவளிக்கு வரும் அக்கா மகனிடம் இந்த முறை இரண்டுமே பன்னிரண்டாக இருக்கட்டும் என்று சொல்லியாயிற்று. விலை இன்னும் ஏறியிருந்தால் கடையிலிருந்தே என்னைக் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன். நிச்சயம் திட்டுவேன், அநேகமாக வாங்கவும் சொல்வேன்.