சின்ன அலைக்குச் செய்த போர்டும் அதன் நுரையும்

என் சர்ஃப் போர்டு ரிப்பேர் முடிந்து, மலேசியாவின் பகாங்கில் உள்ள எங்கள் ஊர் மெந்தகாப் வந்து சேர்ந்துவிட்டது. "அதே மாதிரி எனக்கும் ஒன்று செய்யச் சொல்லலாமா?" என்று தெமர்லோ அண்ணன் கேட்டுக்கொண்டே இருக்கிறார். அவருக்குத்தான் இது.

அளவு இதுதான்: 5 அடி 8 அங்குல நீளம், 21½ அங்குல அகலம், 35 லிட்டர் கன அளவு. மீன் வால், அடியில் இரண்டு ஃபின் (துடுப்பு). முட்டி போட்டு ஓட்டுவதற்காக 1967இல் சான் டியேகோவில் ஸ்டீவ் லிஸ் செய்தாரே, அந்த வம்சம். இதைச் செய்த பாலித் தீவுப் பட்டறைக்காரரிடம் நான் அழுத்திச் சொன்னது ஒன்றுதான்: மூக்கை, அதாவது முன்முனையை, வளைத்துத் தூக்க வேண்டாம், அடி தட்டையாக இருக்கட்டும். வடகிழக்குப் பருவக்காற்று ஓய்கிற மார்ச் கடைசியில் பகாங் கடற்கரையிலுள்ள செராத்திங் அலையில் உயிரே இருக்காது. இடுப்பளவு எழும்பி, சோம்பலாக நுரைத்துச் சரியும். வளைவு அதிகமுள்ள போர்டு அதில் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே நின்றுவிடும். இது நிற்காது. அலை தேய்கிற இடத்தில் முன்காலில் கொஞ்சம் எடை போட்டால், வழுக்கிக்கொண்டே அடுத்த எழுச்சியைப் பிடித்துவிடும். இதில் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். செங்குத்தான அலையில் மூக்கு குத்தும்தான், அது தெரிந்தே கேட்டது.

ஆனால் போர்டுக்குள்ளே இருக்கிற அந்த ஈபிஎஸ் நுரை, பாலிஸ்டைரீன் மணிகளை ஒட்டிச் செய்தது! எடை குறையும், மிதப்பு கூடும் என்றார்கள். உண்மைதான். நகக்கண் அளவு விரிசல் விழுந்தால் போதும், மணிகளுக்கு இடையில் தண்ணீர் குடிக்கும் என்பதை மட்டும் சொல்லவில்லை. வராந்தாவில் சாய்த்து வைத்தால் நாள்கணக்கில் சொட்டுகிறது, சிமெண்டெல்லாம் உப்புக்கறை.

எங்கள் ஊரில் ஃபைபர் வேலை என்றால் தோட்டத்து லோரிக்கு பம்பர் ஒட்டுகிறவர்தான். அவரிடம் இருப்பது பாலியெஸ்டர் ரெசின் (ஃபைபரை ஒட்டி இறுக்கும் பிசின்). அதிலுள்ள ஸ்டைரீன் என்ற ரசாயனம் இந்த நுரையைக் கரைத்துக் குழியாக்கிவிடும். நுரையைக் கரைக்காத எப்பாக்ஸி ரெசின் வேண்டும் என்றேன். "ரெண்டும் ஒண்ணுதான் தம்பி" என்று பிரஷ்ஷை எடுத்தார். போர்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அப்புறம் குவாந்தானுக்கு அனுப்பி, அங்கே ஒருவர் 'நாளைக்கு, நாளைக்கு' என்று இழுத்தது தனிக்கதை.

வெயிலில் காருக்குள் விடவும் முடியாது. உள்ளே காற்று விரிந்து மேல்தோல் உப்பிவிடும். நெடுஞ்சாலை ஓய்விடத்தில் பசியாற நிறுத்தினாலும் முதலில் நிழல் தேடுகிறேன், அப்புறம்தான் நாசி லெமாக்.

அதனால் செய்யச் சொல்லாதீர்கள் அண்ணே. அளவை வேண்டுமானால் அப்படியே எழுதித் தருகிறேன், பாலியூரித்தேன் நுரையில் செய்யச் சொல்லுங்கள். கனமாக இருக்கிறது, இந்த மிதப்பு இல்லை என்று பிறகு என்னிடம் வந்து நிற்கக் கூடாது. என்னுடையதை விலைக்குத் தருவாயா என்றும் கேட்காதீர்கள். நவம்பர் வருகிறது, பருவக்காற்று அலை தொடங்கிவிடும், தரமாட்டேன்.