பெர்லினில் அறை தேடுகிறீர்களா? அன்மெல்டுங் (முகவரிப் பதிவு) தராதவருக்குப் பணம் அனுப்பாதீர்கள்

அக்டோபர் செமஸ்டருக்கு ஜெர்மனி கிளம்பும் தம்பி தங்கைகளே, அறைக்கு அட்வான்ஸ் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

நான் சென்னையில் இருந்தபோதே, பெர்லினில் அறை தருவதாகச் சொன்ன ஒருவர் ஒரு வாட்ஸ்அப் குழுவில் அறிமுகமானார். நல்ல தமிழ். "நம்ம ஊர்ப் பிள்ளைங்க கஷ்டப்படக் கூடாதுன்னுதான் பண்றேன் தம்பி" என்பார். நொய்க்கோல்ன் பகுதியில் அறை, மாதம் 550 யூரோ. மூன்று மாத வாடகையை அட்வான்ஸாக உடனே கட்ட வேண்டும், அதுவும் ரூபாயாக, இந்தியாவில் உள்ள அவருடைய உறவினர் கணக்குக்கு. பத்து மாத அட்வான்ஸ் பார்த்த சென்னைவாசிகளுக்கு மூன்று மாதம் பெரிதாகத் தெரியாது. அம்மாவின் வளையலை அடகு வைத்து அப்பா அனுப்பினார்.

அறை இருந்தது. ஆனால் தபால் பெட்டியில் என் பெயரை ஒட்ட விடவில்லை. ஜெர்மனியில் பெட்டியில் பெயர் இல்லையென்றால் கடிதம் திரும்பிப் போய்விடும். என் வங்கி அட்டை அப்படித்தான் போனது. பிறகுதான் விஷயம் புரிந்தது. அவர் வீட்டு உரிமையாளரே இல்லை. தானும் வாடகைக்கு இருந்துகொண்டு, உரிமையாளருக்குத் தெரியாமல் அறைக்கு இரண்டு பேராக அடைத்திருந்தார்.

குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அதுதான் அன்மெல்டுங். வீடு கொடுத்தவர் கையெழுத்திட்ட சான்று இல்லாமல் அது நடக்காது. அது நடக்காவிட்டால் வரி எண் தபாலில் வராது. வரி எண் தராவிட்டால் பகுதிநேர வேலைச் சம்பளத்தில் ஆறாம் வகுப்பு வரியைப் பிடிப்பார்கள், அதுதான் இருப்பதிலேயே அதிகம். விசாவை நீட்டிக்கவும் அந்தப் பதிவைத்தான் கேட்பார்கள். சான்று கேட்டபோது அவர் சொன்னது: "இந்த வீட்டுக்குக் கிடைக்காது தம்பி. 200 யூரோ குடு, வேற அட்ரஸ்ல வாங்கித் தர்றேன்." குடியிருக்காத முகவரிக்குச் சான்று கொடுப்பவருக்கு 50,000 யூரோ வரை அபராதம் உண்டு. தயவுசெய்து அதை மட்டும் வாங்கிவிடாதீர்கள். பொய்ப் பதிவு உங்கள் பெயரில்தான் இருக்கும்.

கடைசியில் உரிமையாளருக்குத் தெரிந்து எல்லோரையும் வெளியேறச் சொன்னார். அட்வான்ஸைக் கேட்டதும், அறை கொடுத்தவர் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார். படிக்க வந்த பிள்ளைகள் டிசம்பர் குளிரில் பெட்டியோடு நண்பர்கள் வீட்டுத் தரையில் படுத்தோம். ஊர்ப் பாசத்தைக் காட்டி இதைச் செய்தாரே என்ற கோபம் எனக்கு ஆறவே இல்லை.

மாணவர் சங்கத்தில் இலவசமாக ஆலோசனை சொன்ன வழக்கறிஞர்தான் சட்டத்தை விளக்கினார். ஹீட்டிங் போன்ற செலவுகள் சேராத அடிப்படை வாடகையில் மூன்று மாதத்துக்கு மேல் அட்வான்ஸ் கேட்க முடியாது. அதையும் மூன்று மாதத் தவணையாகக் கட்ட உங்களுக்கு உரிமை உண்டு; முதல் தவணையே வாடகைக் காலம் தொடங்கும்போதுதான். நீங்கள் விமானம் ஏறும் முன்பே முழுத் தொகையையும் கேட்பவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், பதில் எப்படி வருகிறதென்று தெரியும். உள்வாடகை (வாடகைக்கு இருப்பவரே உங்களுக்கு வாடகைக்கு விடுவது) என்றால் உரிமையாளரின் எழுத்துப்பூர்வமான அனுமதியைக் கேளுங்கள். முதல் சில வாரங்களுக்கு அன்மெல்டுங் தரும் விடுதி கொஞ்சம் விலை கூடினாலும் பரவாயில்லை.

போலீஸில் ஆன்லைனில் புகார் கொடுத்திருக்கிறேன். பணம் இன்னும் வரவில்லை. அதே அறையின் படங்கள் போன வாரம் வேறொரு குழுவில் வந்திருக்கின்றன, இப்போது வாடகை 600 யூரோ என்று போட்டு. ஜன்னலோரக் கட்டில், பச்சைத் திரைச்சீலை, நொய்க்கோல்ன் முகவரி. அந்தப் படம் உங்களுக்கு வந்தால் பணம் அனுப்பாதீர்கள், குழு அட்மினிடம் உடனே சொல்லுங்கள்.